உன் கழுத்துல இருந்தது அழுக்கு இல்ல பாப்பா

பாப்பா,

நேத்து ராத்திரி நீ போன வச்சதுக்கப்புறம் எனக்கு தூக்கமே வரல, வெளிய ஒரே மூட்டம், கோத்தகிரில இந்த மாசம் எப்டி இருக்கும்னு உனக்கு தெரியும்ல, அடுப்பு பக்கத்துலயே உக்காந்துருந்தேன். போன்ல பேசினா நான் அழுதுருவேன், நீயும் அழுவ, அதான் டைப் பண்றேன். நீளமாத்தான் போகும், ஆபீஸ் பஸ்ல போகும்போது படி.

"எனக்கு சுகரே இல்லையேம்மா, சூல்பைல வர்ற இந்த பிசிஓடிக்கு எதுக்கு மெட்ஃபார்மின்னு சுகர் மாத்திரை குடுக்குறாங்க"ன்னு கேட்டல்ல. அதுக்கு முன்னாடி நான் ஒன்னு சொல்லணும். பதினாலு வயசுல உன் கழுத்துக்கு பின்னாடி கருப்பா பட்டையா வந்துச்சே, நான் அழுக்குன்னு நெனச்சு பயத்தமாவ போட்டு பீர்க்கங்கா நார வச்சு தேய் தேய்னு தேச்சேன், தோலெல்லாம் செவந்து நீ எரியுதும்மான்னு கத்துன, ஒழுங்கா குளிச்சா ஏன் இப்டி ஆகுதுன்னு உன் அத்தை முன்னாடியே திட்டுனேன். அது அழுக்கு இல்ல கண்ணு. இன்சுலின், கணையம் சுரக்குற ஹார்மோன், சக்கரைய செல்லுக்குள்ள அனுப்புறது. ரத்தத்துல இன்சுலின் ரொம்ப நாள் ஏறியே இருந்தா அது தோல்ல ஐஜிஎஃப்-1னு இன்னொரு ஹார்மோனுக்காக இருக்கிற ரிசப்டரயும், அதாவது செல்லு சேதி வாங்குற எடத்தயும், போய் தட்டும், தோல் செல்லு வேகமா பெருகி தடிச்சு கருத்து வெல்வெட் மாதிரி ஆயிரும். எத்தன நாள் தேச்சாலும் போகாது. முப்பது வருஷம் லேப்ல ரத்தம் எடுத்தவ நான், எனக்கு தெரிஞ்சிருக்கணும். என்னை மன்னிச்சிரு.

இதவிட எனக்கு வலிக்கிறது என்னன்னா, அப்பவே உனக்கு நானே டெஸ்ட் பண்ணேன். வெறும் வயித்துல பாக்குற ஃபாஸ்டிங் சுகர் 88. நார்மல்னு சொல்லி ரிப்போர்ட்ட மடிச்சு பீரோல வச்சுட்டு, "ஒன்னுமில்ல, வரிக்கிய கொற, சோத்த கொற"ன்னு சொன்னேன். அந்த 88அ 88ஆ நிறுத்தி வைக்க உன் கணையம் எவ்ளோ பாடுபட்டுச்சுன்னு நான் பாக்கவே இல்ல, ஏன்னா இன்சுலின நாங்க அளந்ததே இல்ல. ரத்தத்துல இன்சுலின் எவ்ளோ இருக்குன்னு அளக்குற வழிய கண்டுபிடிச்சவங்க ரோசலின் யாலோன்னு ஒரு அம்மா, சாலமன் பெர்சன்கிறவரோட சேந்து பண்ணாங்க. 1960ல அவங்க அளந்து பாத்தப்பதான் பெரியவங்களுக்கு வர்ற சுகர்ல நெறைய பேருக்கு இன்சுலின் கொறச்சலா இல்ல, நெறையவே இருக்குன்னு தெரிஞ்சது. 1977ல நோபல் குடுத்தாங்க. லேப்ல நின்னு வேல பாத்த பொம்பளைன்னு படிக்கும்போது எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

இன்சுலின் இருந்தும் வேல நடக்காததுக்குத்தான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்னு பேரு. ஏன் நடக்கலன்னா, நம்ம எஸ்டேட்ல வேலைக்கு கூப்புட ஊதுற சங்க நெனச்சுக்கோ. சங்கு ஊதுனா வாசல்ல நிக்கிறவனுக்கு கேக்குது, ஆனா லயத்து வீடுங்களுக்குள்ள சேதி போய் சேரல, அப்ப காலைல பேர் குடுக்குற பெரட்டுக்கு ஆளு வரமாட்டாங்க. வாசல்ல நிக்கிறவன்தான் ரிசப்டர், பெரும்பாலும் அவன்மேல தப்பு இல்ல. இன்சுலின் வந்து தொட்டதும் அவன் உள்ள ஐஆர்எஸ்-1ங்கிற புரதத்துக்கு சொல்லணும், அது பிஐ3 கைனேஸுக்கு, அது ஏகேடிக்கு, கடைசில க்ளூட்-4ங்கிற கதவு செல்லுக்குள்ள இருந்து மேல வந்து சக்கரைய உள்ள விடணும். தசைக்குள்ளயும் ஈரலுக்குள்ளயும் கொழுப்பு போய் தங்குனா அதோட துண்டுங்க இந்த சேதிய பாதிலயே அறுத்துருது. கொழுப்பு திசுலருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபான்னு ஒரு அழற்சி சமாச்சாரமும் வருது, குண்டு எலிங்ககிட்ட 1993ல அத கண்டுபிடிச்சாங்க, அதுவும் இதே எடத்துலதான் கைய வைக்குது. சேதி போகலன்னா கணையம் என்ன பண்ணும், இன்னும் சத்தமா ஊதும்.

இப்பதான் உன் விஷயம் வருது, நல்லா கேளு. தசைக்குத்தான் காது மந்தம். சூல்பைக்கு நல்லாவே கேக்குது. கணையம் ஊதுற ஊதுல அது தேவைக்கு மேல டெஸ்டோஸ்டிரோன் பண்ணுது, அந்த டெஸ்டோஸ்டிரோன புடிச்சு வச்சுக்குற புரதத்தயும் ஈரல் கொறச்சிருது. உனக்கு மாசக்கணக்குல தள்ளி போறதும் தாடைல முடி வர்றதும் அதனாலதான். நீ தின்னதால இல்ல, சோம்பேறியா இருந்ததால இல்ல. மெட்ஃபார்மின் முக்கியமா ஈரல் சக்கரைய கொட்டுறத கொறைக்கும், கணையம் அவ்ளோ கத்த வேண்டி வராது. சுகர் மாத்திரைங்கிறது சும்மா பேரு, வெக்கப்படாத, சாப்பாட்டோட போடு, மொதல் ரெண்டு வாரம் வயிறு படுத்தும், அதுக்காக நிறுத்திறாத.

"நான் ஒன்னும் அவ்ளோ குண்டு இல்லையே"ன்னு நீ சொன்னது நெசம்தான். நீ இருக்கிற புனேலயே கே.இ.எம். ஆஸ்பத்திரில யாக்னிக்னு ஒரு டாக்டர், அவரும் லண்டன் டாக்டர் யட்கினும் 2004ல லான்செட்ங்கிற மருத்துவ பத்திரிகைல தங்க ரெண்டு பேர் போட்டோவயும் போட்டாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதான் உயரத்துக்கு எடை கணக்கு, 22.3. ஆனா யட்கினுக்கு உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. புனே பக்கத்து கிராமங்கள்ல பொறந்த கொழந்தைங்க சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துல சவுத்தாம்டன்ல 3.5. எடைல அவ்ளோ கொறைஞ்சும் நம்ம கொழந்தைங்களுக்கு கொழுப்பு அந்த அளவுக்கு கொறையல, கொறைஞ்சது தசைதான்.

அத படிச்சதும் எனக்கு உன் பாட்டி ஞாபகம்தான் வந்துச்சு. சிலோன்லருந்து சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல வந்து இறங்குன வருஷம் நான் வயித்துல, ரேஷன் அரிசி ஒரு நேரம், மீதி நேரம் சாயாத்தண்ணி, முதுகுல கூடையோட சரிவுல ஏறி இறங்கி கொழுந்து பறிச்சுது. நான் பொறந்தப்ப ரெண்டு கிலோகூட இல்லையாம். நீ 2.4. நம்ம உடம்புல கொழுப்ப பத்திரமா வைக்க தோலுக்கு கீழ எடம் கம்மி, அது நெறஞ்சா வயித்துக்குள்ளயும் ஈரல்லயும் போய் ஒதுங்குது. கொழுப்பே விரோதின்னு நெனச்சுறாத, பொறவிலயே கொழுப்பு திசு இல்லாதவங்களுக்கு இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் ரொம்ப கடுமையா வரும், ஏன்னா வைக்க எடமே இல்ல. அதனால பட்டினி கெடக்காத. உன்ன பட்டினி போட்ட பாவம் எனக்கு போதும்.

பாட்டிக்கு எழுபது வயசு வரைக்கும் சுகர் வரல. அதுக்கு என்னென்ன காரணமோ, அந்த சரிவுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் நம்புறேன். தசை வேல செஞ்சா க்ளூட்-4 கதவு இன்சுலினுக்கு காத்திருக்காம தானாவே மேல வரும், சங்கே தேவையில்ல. சென்னைல ராமச்சந்திரன் டாக்டர் 2006ல போட்ட ஆராய்ச்சில, சுகர் வர்ற வாசல்ல நின்னவங்களுக்கு சாப்பாட்டயும் நடையயும் சரி பண்ணதுல மூணு வருஷத்துல சுகர் வர்ற வாய்ப்பு 28.5 சதவீதம் கொறஞ்சுது. நம்ம ஊர் ஆளுங்கள வச்சு பண்ணது, அதனால எனக்கு அதுமேல நம்பிக்க ஜாஸ்தி. சாப்ட்டதும் உக்காராத, பத்து நிமிஷமாவது நட, லிஃப்ட்ட விட்டுட்டு மாடிப்படி ஏறு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லேப்டாப்ப வச்சுட்டு உக்காராத.

ராகி மாவும் சாமையும் கட்டி வச்சிருக்கேன், சித்தப்பா வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையம் இறங்குறாரு, பார்சல் போட சொல்லிருக்கேன். அந்த நார நேத்தே அடுப்புல போட்டுட்டேன்.

அடுத்த தடவ ரத்தம் குடுக்கும்போது ஃபாஸ்டிங் குளுக்கோஸ் மட்டும் பாக்காம ஃபாஸ்டிங் இன்சுலினும் சேத்து பாக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளு. ரெண்டயும் பெருக்கி 405ஆல வகுக்கணும், அதான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் எவ்ளோன்னு பாக்குற கணக்கு, 92உம் 6உம் வந்தா ஒன்னே கால் சொச்சம், அதே 92க்கு 24 வந்தா அஞ்சர கிட்ட. சக்கர அதேதான், உடம்பு படுற பாடுதான் வேற. ரிப்போர்ட் வந்ததும் ரெண்டு நம்பரும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு, இந்த தடவ நான் சரியா பாக்குறேன்.

அம்மா