கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும்

சோழவந்தான்,
வைகாசி 28

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இங்கு நலம். நீ அங்கு வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். ஜெனகை மாரியம்மன் திருவிழா முடிந்து, மரங்களிலும் கம்பங்களிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களை இறக்கித் துடைத்துக் கொட்டகையில் அடுக்கிவிட்டு, நேற்றுதான் சற்றுக் கால் நீட்டி உட்கார்ந்தேன். ஆகவே, போன வாரம் நீ தொலைபேசியில் சொன்னதற்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்த ஒருவர் பாட்டைவிட வேஷம்தான் அதிகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், அதனால் இனிமேல் உடை, முகப்பூச்சு, விளக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம் என்று வருத்தத்தோடு சொன்னாய். நீ அனுப்பிவைத்த, இங்கிலாந்தின் குயின் என்ற ராக் இசைக் குழுவின் கச்சேரிப் பதிவுகளை வேலை முடிந்த இரவுகளில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலவற்றை இரண்டு, மூன்று முறை பார்த்தேன். ஆங்கிலப் பாட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் 38 ஆண்டுகளாக மைக் செட் கட்டி, நூற்றுக்கணக்கான நாடக மேடைகளின் ஓரத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜூலை 13ஆம் தேதி லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த நிகழ்ச்சியை. ஏறத்தாழ 72,000 பேர் கூடியிருந்த அந்த அரங்கில் ஒரு குழுவுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம். குயின் குழுவினர் மாலை 6.41க்கு மேடை ஏறியபோது அந்த ஊர்க் கோடையின் வெளிச்சம் இன்னும் இறங்கவில்லை. தங்கள் கச்சேரிகளில் பெரிய பெரிய விளக்கு அமைப்புகளையும் புகையையும் வைத்துப் பெயர் வாங்கியிருந்த அந்த நால்வருக்கும் அன்று அவற்றில் ஒன்றும் துணைக்கு இல்லை. பாடகர் பிரெடி மெர்குரி வெள்ளை பனியனும் வெளிறிய ஜீன்ஸும் போட்டு, கையில் குமிழ் பதித்த ஒரு பட்டையை மட்டும் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார். காகிதக் குவளைகள் வரிசையாக வைத்திருக்கும் பியானோவின் முன் உட்கார்ந்து நாலு வரி பாடுகிறார். பிறகு பாதிக் கம்பி மட்டும் உள்ள மைக் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு மேடையின் முன்விளிம்புக்கு வந்துவிடுகிறார். அந்த அரைக் கம்பியைப் பார், பாப்பா. தொடக்க காலத்துக் கச்சேரி ஒன்றில் ஸ்டாண்ட் முறிந்து கையோடு வந்துவிட, அதைக் கீழே போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு பாடியவர், பிறகு கடைசி வரைக்கும் அதையே வைத்துக்கொண்டாராம். கச்சேரி நடுவில் ஸ்டாண்ட் முறிந்தால் என் போன்றவனுக்கு உயிர் போய்விடும். அவர் கையில் அது செங்கோலாகவும் வாளாகவும் மாறிவிட்டது.

நடுவில் வாத்தியங்களை எல்லாம் நிறுத்திவிட்டு, சொல்லே இல்லாத ஒரு குரலை அவர் எறிகிறார். கூட்டம் அதைத் திருப்பி எறிகிறது. அவர் இன்னும் வளைத்து, இழைத்து ஒன்று பாடுகிறார். கூட்டமும் விடாமல் பின்தொடர்கிறது. இதைப் பார்த்தவுடன் வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளியும் வேடனாக வந்த முருகனும் பாட்டிலேயே மோதிக்கொள்ளும் தர்க்கம்தான் என் நினைவுக்கு வந்தது. எதிர்ப்பாட்டு வந்தால்தான் தர்க்கம் சூடுபிடிக்கும். இங்கே எதிர்ப்பாட்டுப் பாடுவது 72,000 பேர். பகல் வெளிச்சத்தில், பனியன் போட்ட ஒரு மனிதர் வெறும் குரலை வைத்துக்கொண்டு முழு நாடகத்தையும் நடத்திவிட்டார்.

இதைப் படித்துவிட்டு, அப்பாவும் வேஷம் வேண்டாம் என்றுதான் சொல்கிறார் என்று நினைத்துவிடாதே.

நீ நாலாம் வகுப்பில் படித்தபோது வாடிப்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த நாடகம் உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. ஆம்ப்ளிபையர் பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். இரவு இரண்டு மணிக்கு, தர்க்கம் உச்சத்தில் இருக்கும்போது ஜெனரேட்டர் நின்றுவிட்டது. டீசல் அளவைப் பார்க்காமல் விட்டது என் பிழை. இன்றும் நினைத்தால் மனம் கூசுகிறது. இருட்டில் கூட்டம் சலசலக்கத் தொடங்கியது. கதாநாயகன் வேடம் கட்டிய ராஜபார்ட் கலைஞர் ஒன்றும் சொல்லாமல் மேடையின் முன்பலகைக்கு வந்து கையை உயர்த்தி அப்படியே நின்றார். ஆர்மோனியக்காரர் சுருதியை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். கூட்டத்தில் சிலர் டார்ச் அடித்தார்கள். அந்தச் சின்ன வெளிச்சம் கிரீடத்தின் ஜிகினாவிலும் கண்ணாடிச் சில்லுகளிலும் பட்டுச் சிதறியது. புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவிகள்வரை எல்லோர் கண்ணும் அந்த ஒரு புள்ளிக்குத் திரும்பியது. பிறகு அவர் ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லையும் நீட்டி நிறுத்தி, மைக் இல்லாமல் பாடினார். கடைசியில் இருந்தவருக்கும் கேட்டது. கிரீடம் எதற்கு என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. தூரத்தில் இருப்பவருக்கு எங்கே பார்ப்பது என்று காட்டவே அது தலையில் இருக்கிறது.

அதனால்தான் 1986 ஜூலையில் அதே வெம்பிளியில் நடந்த கச்சேரியில் பிரெடி போட்டிருந்த மஞ்சள் சட்டையும், முடிவில் சிவப்பு அங்கியும் கிரீடமுமாக வந்து நின்றதும் எனக்கு வீண் ஆடம்பரமாகத் தோன்றவில்லை. அரங்கின் மறுகோடியில் விரல் உயரம் மட்டுமே தெரியும் ஒரு மனிதன், அந்த நிறத்தினால் அங்கிருப்பவருக்கும் சொந்தமாகிவிடுகிறான். உங்கள் உடையையும் இந்த ஒரு கேள்வியை வைத்து எடைபோடுங்கள். கடைசியில் நிற்பவருக்கு அது ஏதாவது கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் நிற்கும்போது உங்களுக்கு மட்டும் அழகாக இருக்கிறது என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். 1975இல் வந்து இங்கிலாந்தில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்த 'பொஹிமியன் ராப்சடி' பாட்டின் நடுவே, பல குரல்கள் மோதிக்கொள்ளும் ஒரு பகுதி வருகிறது அல்லவா? அதே சில பேர் திரும்பத் திரும்பப் பாடி, பதிவு நாடாவில் அடுக்கடுக்காக ஏற்றிய குரல்கள் அவை. நாலு பேர் மேடையில் நின்று பாடி அதைக் கொண்டுவர முடியாது. வேறு யாராக இருந்தாலும் நாடாவை ஓட்டிவிட்டு வாயசைத்திருப்பார்கள். இவர்கள் அந்தப் பகுதி வந்ததும் மேடையை விட்டே போய்விடுகிறார்கள். இருட்டில் நாடா மட்டும் ஒலிக்கிறது. அது முடிந்து கிடார் வெடிக்கும் இடத்தில் விளக்குகள் பளீரென்று எரிய, நால்வரும் மீண்டும் தோன்றுகிறார்கள். பொய்யாகப் பாட மறுத்ததும், அந்த மறுப்பையே ஒரு காட்சியாக மாற்றியதும் ஒன்றாக நடந்துவிட்டன. இதைவிட நேர்மையான வேஷத்தை நான் பார்த்ததில்லை.

ஒத்திகை பற்றி நான் சொன்னால் உனக்குக் கசக்கும், ஆனாலும் சொல்கிறேன். நம் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிக்கொடுத்த பாடம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அது நடக்கிறது. உங்களுக்கு அப்படி ஒரு பொதுப் பாடம் இல்லை. குயின் குழு 1970இல் தொடங்கி, 15 ஆண்டுகள் உலகம் சுற்றிவிட்டு வந்த பிறகும், அந்த இருபது நிமிடத்துக்காக லண்டனில் ஷா தியேட்டர் என்ற அரங்கை எடுத்து ஒத்திகை பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தால் போதும் என்று உன் நண்பர்கள் சொன்னால் இதை அவர்களுக்குச் சொல்.

வேஷம் அவர்களுக்கும் கெடுதல் செய்ததுண்டு. 1984இல் நால்வரும் பெண் வேடம் போட்டு நடித்த ஒரு பாட்டுக் காட்சி இங்கிலாந்தில் சிரிப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அமெரிக்காவில் பலருக்குப் பிடிக்கவில்லை. 1982க்குப் பிறகு பிரெடியோடு அவர்கள் அங்கே சுற்றுப்பயணம் போகவே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மதுரையில் 1918இல் சுவாமிகள் தொடங்கிய பால சபாவில் சிறுவர்கள்தாம் பெண் வேடமும் கட்டினார்கள். நம் ஊரில் அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. ஆனால் அதே 1984இல், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் போய்ப் பாடியதற்காக அவர்கள் வாங்கிய கண்டனத்தை நான் நியாயம் என்றே நினைக்கிறேன். எந்த மேடையில் ஏறுகிறோம் என்பதையும் பாடுகிறவர் பார்க்க வேண்டும்.

என் தொழிலோடு ஒட்டிய ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1985 பதிவில் கூட்டம் முழுவதும் தலைக்கு மேல் கையை உயர்த்தி இரட்டைத் தட்டுத் தட்டும் இடத்தை மெதுவாக ஓட்டிப் பார். கைகள் ஒரே நேரத்தில் சேர்வதில்லை. முன்னாலிருந்து பின்னால் ஓர் அலை போகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும் என்பதால் நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு கால் நொடிக்கு மேல் தாமதமாகச் சேர்கிறது. நான் ஆற்றங்கரையில் ஒரு குழாயும் தேரடியில் ஒரு குழாயும் கட்டினால் நடுவில் நிற்பவருக்கு ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். அதைச் சரிசெய்யக் குழாயைத் திருப்பித் திருப்பிக் கட்டியே என் காலம் போயிற்று. கிடார் வாசிக்கும் பிரையன் மே அந்தத் தாமதத்தையே கருவியாக்கிக்கொண்டவர். 1977இல் பிங்லி அரங்கில் கச்சேரி முடிந்த பின்னும் கலையாமல் கூட்டம் தானாகப் பாடியதைக் கேட்டுத்தான், கூட்டமே வாசிக்கும்படி ஒரு பாட்டு எழுத அவருக்குத் தோன்றியதாம். இரண்டு மிதி, ஒரு தட்டு, அவ்வளவுதான். ஒரு சிலர் பலகையில் மிதித்ததைப் பதிவுசெய்து, வெவ்வேறு தாமதங்களில் திரும்பத் திரும்ப ஏற்றி, பெரிய கூட்டம் மிதிப்பது போல ஆக்கியிருக்கிறார். கும்மி தெரிந்த நம் ஊர்ப் பெண்கள் முதல் முறையிலேயே அந்தத் தாளத்தில் சேர்ந்துவிடுவார்கள். உன் அம்மா சேர்ந்துவிட்டாள்.

பிரெடி சிறுவயதில் நம் நாட்டுப் பஞ்சகனியில் விடுதியில் தங்கிப் படித்த பார்சிப் பிள்ளை என்பதும், 1986 ஆகஸ்ட் 9ஆம் தேதி நெப்வொர்த்தில் பாடியதே அவருடைய கடைசிக் குயின் கச்சேரியாகிவிட்டது என்பதும், 1991 நவம்பரில் 45 வயதில் எய்ட்ஸ் நோயில் இறந்துபோனார் என்பதும் உனக்கே தெரியும். தொண்டையில் முடிச்சு வந்து அவர் கச்சேரிகளை ரத்து செய்ததும் உண்டு. ஆகையால் இரண்டு நாள் தொடர்ந்து பாடினால் மூன்றாம் நாள் பேசாமல் இரு.

பிரையன் மேயின் தகப்பனாரைப் பற்றிப் படித்ததைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1963இல் அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து, பழைய கணப்படுப்பு ஒன்றின் மரச்சட்டத்தை இழைத்து ஒரு கிடார் செய்யத் தொடங்கினார்கள். வாங்கக் காசு இல்லை. இன்று வரைக்கும் அவர் வாசிப்பது அந்தக் கிடாரைத்தான். ஆனால் வானியல் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பிள்ளை பாட்டுக் குழுவோடு போனபோது, கூட உட்கார்ந்து மரம் இழைத்த அதே அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் கச்சேரியை நேரில் பார்த்த பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது. விட்டுப்போன அந்த ஆராய்ச்சியை 2007இல் பிரையன் மே முடித்து முனைவர் பட்டமும் வாங்கினார். அதைப் பார்க்க அப்பா உயிரோடு இல்லை.

உனக்கு ஏழு வயதில் மைக்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். நீ வேலையை விட்டபோது மூன்று மாதம் உன்னோடு பேசாமல் இருந்தவனும் நான். உன் கச்சேரி ஒன்றுக்குக்கூட இதுவரை நான் வரவில்லை. ஆடி பிறப்பதற்குள் பெங்களூரில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது என்றாயே, அதன் தேதியை எழுது. மைசூரு எக்ஸ்பிரஸில் நானும் அம்மாவும் வருகிறோம். எங்களுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைக்காதே. அம்மா வேண்டுமானால் உட்காரட்டும். நான் கடைசியில், கதவோரம் நின்றுகொள்கிறேன். உன் குரல் அங்கே வந்து சேராவிட்டால், முடிந்ததும் மேடைக்கு வந்து எந்த ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லித் தருகிறேன்.

அன்புள்ள,
அப்பா