புதுச்சேரி தமிழ்ப் பகுதியில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு

வணக்கம். பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே திண்ணையும் முற்றமும் உள்ள வீட்டை இன்னும் விற்காமல் வைத்திருக்கும் ஐயா, அம்மா, பங்காளிகளே, இந்த மடல் உங்களுக்குத்தான். அரசுக்கு எழுத வேண்டியதும் நிறைய இருக்கிறது. ஆனால் இடிப்பதா வேண்டாமா என்ற பேச்சு முதலில் உங்கள் கூடத்தில்தான் நடக்கிறது. ஐந்து பேருக்குப் பங்கு, ஒருவர் பாரீசில், ஒருவர் சென்னையில், வருகிற வாடகை ஓடு மாற்றவே போதாது, இதற்கு நடுவில் ஒரு பில்டர் வந்து பெரிய தொகை சொல்கிறார். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: முடிவெடுக்கும்போது அதை உங்கள் வீடாக மட்டும் பார்க்காதீர்கள், அந்தத் தெரு வரிசையில் ஒரு பகுதியாகவும் பாருங்கள்.

வெளியூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி என்றால் கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்தான். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாமும் அதையே நம்பிவிட்டோமோ என்று கவலையாக இருக்கிறது. நம் நேர்த்தெருக்கள்கூட முழுக்கப் பிரெஞ்சுக்காரர்கள் போட்டவை அல்ல, 1693-ல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டத்தில் தமிழ்ப் பகுதியின் கட்டம் கட்டமான தெருக்கள் இருக்கின்றன. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள், 1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்த பிறகுதான் மறுபடி கட்டினார்கள். அந்த அழிவிலும் தப்பி நிற்கிறது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர் அவர். கீழே மரத்தூண்களும் முற்றமும், மேலே பிரெஞ்சு பாணியில் காரைத் தூண்கள். கீழே தமிழ், மாடியில் பிரெஞ்சு என்று நம் தெருக்களில் நிற்கும் எத்தனையோ வீடுகளுக்கு இதே முகம்தான். இந்தக் கலப்பு வாய்க்காலுக்கு மேற்கே, நம் ஆட்கள் தங்கள் காசில், தங்கள் ரசனைக்குக் கட்டிக்கொண்டது. கடற்கரைப் பக்கம் போய்த் தேடினால் இது கிடைக்காது.

இனி தெருவுக்கு வருகிறேன். பிரெஞ்சுப் பகுதியில் உயரமான மதில், மூடிய கேட், தோட்டம் உள்ளே. நம் பக்கம் வீடு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். முதலில் தாழ்வாரம், மரத்தூண்கள் மேல் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை, நடந்து போகிறவருக்கு நிழல். அப்புறம் திண்ணை, வந்தவர் யாரானாலும் உட்காரலாம். அதற்குப் பிறகுதான் வாசற்கதவு, நடை, முற்றம். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது, வெளிச்சமும் காற்றும் முற்றம் வழியாகத்தான் வர வேண்டும். அண்டை வீடுகளும் தாழ்வாகவே இருந்தவரை இந்த அமைப்பு அருமையாக வேலை செய்தது. நடுவில் ஒருவர் இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பினால் என்ன ஆகிறது? அடுத்த வீட்டு முற்றத்துக்கு வெளிச்சம் குறைகிறது, மாடியிலிருந்து யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், அதுவரை உள்ளுக்குள் இருந்த பொதுச்சுவர் மழைக்கு வெளியே வந்து ஓதம் ஏறுகிறது. பிறகு அவரும் விற்கத்தானே நினைப்பார்? தாழ்வாரமும் அப்படித்தான், பத்து வீட்டுக்குத் தொடர்ச்சியாக இருந்தால்தான் அது நிழல்பாதை.

"பழசு, ஒழுகுகிறது, சுவர் உதிர்கிறது" என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் பல வீடுகளில் சுவரைக் கெடுப்பது வயது அல்ல, மேலே பூசிய சிமெண்ட். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உறிஞ்சும், வெளியேயும் விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, கடற்காற்றின் உப்போடு சேர்ந்து செங்கலை அரிக்கும். இடிப்பதற்கு மதிப்பீடு வாங்கும் அதே வாரத்தில், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். மர உத்திரங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தட்டையான மெட்ராஸ் ஒட்டுக் கூரையில் ஒரு உத்திரம் உளுத்துப்போனால் அந்த உத்திரத்தைத்தான் மாற்ற வேண்டும், மொத்த வீட்டையும் அல்ல.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். வைசியாள் வீதியில் நகராட்சியும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு, வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு தெருமுகப்புகளைச் சீர்செய்து காட்டினார்கள். தனித்தனி வீடாக இல்லாமல் தெருவாக எடுத்துச் செய்ததால்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது, 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. மறுபக்கம் கடற்கரையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடத்தையும் பார்த்தோம். கவனிக்காமல் விட்டதில் 2014 மழையில் விழுந்தது, அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அரசுக் கட்டடம் என்பதால் அது திரும்ப வந்தது. உங்கள் வீட்டுக்கு அப்படி யார் வரப்போகிறார்கள்?

விற்றே ஆக வேண்டும் என்றால் விற்றுவிடுங்கள், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வாங்குகிறவரிடம் முகப்பையும் தாழ்வாரத்தையும் முற்றத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பேசுங்கள், வீட்டைத் தங்கும் விடுதியாகவோ உணவகமாகவோ மாற்ற நினைப்பவர்களில் இதற்கு ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பொதுச்சுவர் அவருக்கும் சொந்தம். கடைசியில் இடிப்பதுதான் முடிவு என்றால், அதற்கு முன் ஒரு கட்டடக்கலை மாணவரையாவது உள்ளே விட்டு அளந்து, வரைந்து, படமெடுத்துக்கொள்ள அனுமதியுங்கள்.