ரெண்டாவது நாயனம்

அன்புள்ள தம்பி சரவணனுக்கு அம்மா எழுதுவது.

இங்கு நானும் அக்காவும் சுகம். அங்கே நீ, சுதா, பிள்ளைகள் எல்லோரும் சுகமா? அறுவடை முடிந்தது. குத்தகைக்காரர் இந்த வருஷமும் மூட்டை குறைத்துத்தான் அளந்தார். மொட்டைமாடி ஒழுகலை அடைத்தாயிற்று. என் முட்டிவலியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது பாட்டுக்கு இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய், நான் "சரிப்பா" என்று வைத்துவிடுகிறேன். பொங்கலிலிருந்து இப்படித்தான். மாதம் பிறந்தால் பணம் மட்டும் டாண் என்று வந்துவிடுகிறது. பணம் வந்த சத்தம் கேட்டால் நீ சௌக்கியம் என்று எடுத்துக்கொள்கிறேன். பெங்களூர்க் குளிருக்கு வெந்நீர் குடி. ஃப்ரிட்ஜ் தண்ணீர் உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

சனிக்கிழமை ராத்திரி பழைய படம் போட்டுப் பார்க்கிற அந்தக் கூட்டத்துக்கு நீ இப்போதெல்லாம் போவதில்லை என்று சுதா சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போகாவிட்டால் போகட்டும். நாலு பேர் கூடினால் நாலு விதமாகத்தான் பேசுவார்கள். யாரிடமும் சண்டை மட்டும் வேண்டாம். சினிமாவுக்காக யாராவது சண்டை போடுவார்களா? உன் அப்பா எம்ஜியாருக்காகக் கும்பகோணத்தில் சட்டை கிழிந்து வந்தது உனக்குத் தெரியும். அந்த ரத்தம்தானே.

அது இருக்கட்டும். அக்கா போனில் இந்த வாரம் 'தில்லானா மோகனாம்பாள்' மூன்று தடவை பார்த்தேன். உன் கூட்டத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வாசலிலும் அதே பேச்சுத்தான் நடக்கும். நாயனக்காரராக வருகிற சிவாஜியின் விரல் சரியா, கன்னம் சரியா என்று ஒருவர் ஆரம்பிப்பார். உன் தாத்தா நாயனக்காரராக இருந்தும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே மாட்டார். வற்புறுத்திக் கேட்டால், "விரலை விடு, மூச்சைப் பாரு. மூச்சு எங்கே எடுக்கணும்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்பார். அவர் மனசாரப் பாராட்டியது தவில்காரர் முத்துராக்காக வந்த பாலையாவை. "தவிலைத் தோளில் மாட்டிக்கிட்டு நிக்கிற நிலையிலேயே தெரியுதுய்யா முத்துராக்கு யாருன்னு" என்று அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

கதையைப் பற்றி யாராவது கேட்டால் தைரியமாகச் சொல். ஐம்பதுகளில் கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் எழுதியது. கதைக்கு ஓவியம் போட்டது கோபுலு. சின்னத் தாத்தா வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணி வைத்ததை நீயே பரண்மேல் உட்கார்ந்து படித்திருக்கிறாய். அதன் முதுகைப் பூச்சி தின்றுவிட்டது. உள்ளே கோபுலு போட்ட மோகனாம்பாள் மட்டும் அப்படியே இருக்கிறாள். அந்தக் கதையை ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்து வெளிவந்தது 1968 ஜூலையில்.

அப்புறம் அந்தக் காருகுறிச்சி விஷயம். எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது, "அந்தப் படத்துல வாசிச்சது காருகுறிச்சி அருணாசலம்தானே" என்று சொல்லிவிடுவார். அது வேறு படம். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'. அதில் 'சிங்கார வேலனே' பாட்டுக்கு ஜானகியோடு நாயனம் வாசித்தவர்தான் காருகுறிச்சியார். அவர் 1964-லேயே காலமாகிவிட்டார். 1968-இல் வந்த படத்தில் எப்படி வாசிப்பார்? இன்னும் சிலர் ராஜரத்தினம் பிள்ளை என்பார்கள். அவர் போனது 1956-இல். 1940-இல் 'காளமேகம்' படத்தில் அவரே நடித்தார், அதோடு சரி. தில்லானாவில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் பிடித்திருப்பது இரண்டு நாயனம், உள்ளே ஊதியது அந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

முந்தாநாள் இதையெல்லாம் அக்காவிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். செத்தவர் எப்படி வந்து வாசிப்பார் என்று கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே, "சரிம்மா, அப்ப நம்ம தாத்தா?" என்று கேட்டாள்.

தம்பி, ஜனவரியில் நீயும் அதைத்தான் கேட்டாய். "தாத்தா வாசிச்சது எந்த இடம்மா? சரியா சொல்லு, இங்க ஒருத்தர் கேக்கறார்" என்றாய். பின்னால் ஆள் பேச்சு கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய் போலிருக்கிறது. நான் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் பாலே இல்லை.

தாத்தா அந்தப் படத்தில் வாசிக்கவில்லை. ஒரு துண்டுகூட வாசிக்கவில்லை. கோயில் மானியத்தில் வந்த நெல்லும் கல்யாண முகூர்த்தமும்தான் அவர் கண்ட உலகம். 1974-இல் கண் ஆபரேஷனுக்குப் போனதுதான் அவருக்கு முதல் மெட்ராஸ். அப்போதும் கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள், அதனால் மெட்ராஸைப் பார்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது.

சொன்னது நான்தான். 1986-இல் உன் பெரியத்தை வளைகாப்புக்கு வந்திருந்தபோது வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போட்டார்கள். இரண்டாவது படம் தில்லானா. கூடம் நிறைய ஜனம், உனக்கு ஐந்து வயது, என் மடியில் அரைத்தூக்கத்தில் கிடந்தாய். உங்க நாயனத்துல மட்டும்தான் இப்படிச் சத்தம் வருமா என்று மனோரமா சிவாஜியிடம் வெள்ளந்தியாகக் கேட்கிற இடம் வந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பெரியத்தை முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, "ஏன் விஜயா, உங்க வீட்டு நாயனத்துல எப்படி?" என்றாள். மறுபடியும் சிரிப்பு. அந்த வீட்டில் நான் ஏழு வருஷமாக 'நாயனக்காரர் மகள்'தான். பெரியத்தை சிரித்தது எனக்குப் புதிதில்லை. உன் அப்பாவும் சிரித்தார்.

"இந்தப் படத்துல ஒரு இடத்துல ரெண்டாவது நாயனம் எங்கப்பாதான் வாசிச்சார்" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. கூடத்தில் டெக் ஓடுகிற சத்தம் மட்டும்தான். உன் பாட்டி, "நெசமாவா?" என்றார். தலையை ஆட்டினேன். தாத்தா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது, மறுத்துச் சொல்ல ஆளில்லை. மறுநாள் பாட்டி அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நான் 'சிவாஜி படத்துல வாசிச்சவர் மகள்'. காபி டம்ளர்கூட வேறு வந்தது. சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மடியில் கிடந்த நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். அதை நான் கவனித்தேன். பெரியவர்களுக்குச் சொன்னது, பிள்ளைக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன். நீ எட்டாவது படிக்கும்போது 'என் தாத்தா' என்று கட்டுரை எழுதி எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கினாய். மேடையில் அதைப் படித்தபோது நானும்தான் கைதட்டினேன். அன்றைக்குச் சாயங்காலமாவது சொல்லியிருக்கலாம். உன் கல்யாணத்துக்கு முன்னாலாவது சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

உனக்குச் சொல்லத் தெரியாதா என்றும் சில சமயம் கோபம் வருகிறது. மூன்று மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதற்குப் பதில், "ஏம்மா பொய் சொன்னே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. பால் பொங்குகிறது என்றுதான் மறுபடியும் சொல்லியிருப்பேன். உன்மேல் தப்பில்லை. நீ அங்கே எத்தனை பேர் நடுவில் எனக்காக வாதாடினாயோ.

உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். நம்மூர் டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தபோது எனக்குப் பத்து வயது. தாத்தா கோயிலில் சாயரட்சை பூஜைக்கு வாசித்து முடித்துவிட்டு, வேட்டிகூட மாற்றாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெஞ்சு டிக்கெட் வாங்காமல் தரை டிக்கெட் வாங்கினார். மணலைக் குவித்து அதன்மேல் என்னை உட்கார வைத்துப் பின்னால் அவர் உட்கார்ந்துகொண்டார். படத்தின் தொடக்கத்தில் நாயனத்தில் நகுமோமு கீர்த்தனை வந்ததும் என் தோளில் இருந்த அவர் கை அசைந்தது. முதலில் கொசு என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. இரண்டு தோளிலும் விரல்கள் மாற்றி மாற்றி மூடித் திறந்தன. சட்டைத் துணி வழியாக ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. திரையில் ஸ்வரம் இழுக்கும்போது விரல் தூக்கினபடி நிற்கும், இறங்கும்போது வழுக்கிக்கொண்டு இறங்கும். ஓர் இடத்தில் அவர் படத்தை முந்திக்கொண்டு போய், உடனே நிறுத்திவிட்டு, அவர்கள் வருகிறவரை காத்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. கொல்லையில் கால் கழுவும்போது, "நல்லா வாசிச்சிருக்கானுங்க மதுரைப் பசங்க" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை நீ போவதாக இருந்தால், எங்கம்மா பொய் சொன்னாள் என்றே சொல். என் பேரைப் போட்டே சொல். போகவில்லை என்றாலும் சரி. யாரிடமும் சண்டை வேண்டாம்.

பார்சலில் மோர்மிளகாய், நார்த்தங்காய், சுதாவுக்குப் பருப்புப்பொடி வைத்திருக்கிறேன். அடியில் இருக்கிற வட்ட டப்பா தாத்தாவுடையது. நாயனத்தில் செருகி ஊதுகிற சீவாளி மூன்றும், யானைத் தந்த ஊசியும் அதில் இருக்கின்றன. சீவாளி திருவாவடுதுறையில் வாங்கினது. ஒன்றின் நுனியில் அவர் பல் பட்ட தடம்கூடத் தெரியும். குட்டிகளிடம் கொடுக்காதே, நீயும் வாயில் வைத்துப் பார்க்காதே. நாற்பது வருஷத்துத் தூசி, தொண்டை கட்டிக்கொள்ளும்.

அம்மா