மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிடம்: அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தை,

ஸ்கூபா டைவிங் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டீர்கள் என்று மாமா சொன்னார். "இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று செந்தூலில் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறீர்களாம். 200 மீட்டர் நீச்சலை நிற்காமல் முடித்து, பத்து நிமிடம் மிதந்தும் காட்டியவர் நீங்கள். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் இல்லாமல் தண்ணீருக்கடியில் ஒரு நிமிடம் மூச்சுவிடும் பயிற்சியில், அதைக் கழற்றியதும் நீங்கள் மேலே பாய்ந்ததற்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. வகுப்புகளில் கூடமாட உதவப் போகிற நான் பார்த்தவரை, இந்த இடத்தில் திணறுவது பெரும்பாலும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான். முகம் நனைந்தால் மூச்சை அடக்கு என்று உடம்புக்குப் பல வருடப் பழக்கம். மாஸ்க் இருக்கும்வரை அது சும்மா இருக்கும். கழற்றியதும் விழித்துக்கொள்ளும்.

கண் எரிந்தது, ஒன்றும் தெரியவில்லை என்றீர்களாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். திறந்தாலும் எல்லோருக்கும் மங்கல்தான். விழிக்கு முன்னால் காற்று இருந்தால்தான் அது ஒளியைச் சரியாக வளைக்கும். தண்ணீர் தொட்டதும் அந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடும். கண்ணாடியே போடாத பயிற்றுநருக்கும் அங்கே அதே கதிதான்.

உண்மையான வில்லன் மூக்கு. வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர் வழியாக டேங்க் காற்று தாராளமாக வருகிறது. ஆனால் வாயால் இழுக்கும்போது மூக்கும் கூடவே கொஞ்சம் இழுத்துவிடுகிறது. இரண்டு சொட்டு உள்ளே போனால் போதும், மூழ்கிவிட்டோம் என்று மூளை அலற ஆரம்பித்துவிடும். சளி பிடித்து மூக்கடைத்த இரவில் வாயால் மட்டும் மூச்சுவிட்டுத் தூங்குகிறோம் அல்லவா, அதையே மூக்கு திறந்திருக்கும்போதும் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு டேங்க் எதுவும் வேண்டாம். பெரிய பேசினில் குழாய்த் தண்ணீர் பிடித்து மேசைமேல் வையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், முகத்தில் குளிர் பட்டால் மூச்சு இன்னும் திணறும். ஸ்நோர்கலை, அதுதான் அந்த மூச்சுக் குழாயை, வாயில் வைத்து, மாஸ்க் இல்லாமல் மூக்கு நனையும்வரை குனியுங்கள். வாயால் மெதுவாக இழுத்து, வாயாலேயே நீளமாக விடுங்கள். முதல் சில மூச்சு கரடுமுரடாக இருக்கும், அப்புறம் தானாக அடங்கும். தண்ணீர் ஏறுவது போலிருந்தால் மூக்கால் லேசாக ஊதுங்கள்; இல்லையென்றால் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் தொடருங்கள். இது கடலுக்கும் பொருந்தும். மாஸ்க் போனால் மூக்கைப் பிடிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பேசின் சலித்ததும் உங்கள் கொண்டோ குளத்தின் ஆழமில்லாத பக்கம், விளிம்பைப் பிடித்தபடி இதையே ஒரு நிமிடம். மாமா பக்கத்தில் நிற்க வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு அல்ல.

ரெகுலேட்டரோடு செய்யும்போது தலையை எப்படி வைக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். பயத்தில் எல்லோரும் மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். உடனே மூக்குத் துவாரத்தில் நிற்கும் காற்று வெளியேறித் தண்ணீர் இறங்கும். முகம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் அந்தக் காற்றே தண்ணீரைத் தடுத்து நிற்கும். நீங்கள் விடும் குமிழிகள் மூக்கைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் தலையை ஒரு பக்கமாகச் சாயுங்கள். மாஸ்கைத் திரும்பப் போட்டுத் தண்ணீரை வெளியேற்றும்போதும் வரிசை முக்கியம்: சட்டத்தின் மேல்பக்கத்தை அழுத்தி, மூக்கால் ஊதத் தொடங்கிய பிறகுதான் நிமிர வேண்டும். முதலில் நிமிர்ந்தால் மாஸ்கில் உள்ள தண்ணீர் மூக்குக்குத்தான் போகும்.

அந்த ஒரு நிமிடம் சரியாகிவிட்டால், மாஸ்க் இல்லாமல் 15 மீட்டர் நீந்துவது பெரிய விஷயமே இல்லை. பயிற்றுநர் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். நீங்கள் காலில் மாட்டிய துடுப்பை அடித்தால் போதும்.

மேலே பாய்ந்தபோது பயிற்றுநர் உங்கள் டைவிங் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார் என்று கோபப்பட்டீர்கள். அதில் நான் அவர் பக்கம். டேங்க் காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சை அடக்கியபடி மேலே பாய்ந்தால், அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் உள்ள காற்று விரியும். 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் அது இரண்டு மடங்காகும். ஒன்றரை மீட்டர் குளத்தில்கூட நுரையீரல் காயப்படலாம். அவர் செய்த தப்பு வேறு. ஒரே நாளில் குளத்துப் பயிற்சி முழுவதையும் அடைத்து, பின்னால் வரிசை நிற்கிறது என்று உங்களை அவசரப்படுத்தினார். இத்தனை மணி நேரத்தில் கற்றாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பதற்றமில்லாமல், திரும்பத் திரும்பச் செய்ய வருகிறதா என்பதுதான் கணக்கு. கூடுதல் குள நேரம் கேளுங்கள், கொஞ்சம் காசு கேட்டால் கொடுத்துவிடலாம்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறதா என்று மாமாவிடம் கேட்டீர்களாம். கிடையாது. தியோமான் தீவில் விடுமுறை நாளில் கடலுக்கடியில் நல்ல கூட்டம். முன்னால் போகிறவர் துடுப்பால் ஓர் உதை விட்டால் மாஸ்க் நழுவிவிடும். அப்போது கையால் தேடி மறுபடி போட்டுக்கொள்ளும்வரை நிதானமாக மூச்சுவிடத் தெரிய வேண்டும்.

நவம்பர் வந்தால் தியோமான் இருக்கும் கிழக்குக் கரையில் பருவமழை, பிப்ரவரி வரை அந்தப் பக்கம் போக முடியாது. அதனால் அவசரமே இல்லை, குளத்திலேயே பழகலாம். சனிக்கிழமை காலை வருகிறேன், பசியாறத் தோசை சுட்டு வையுங்கள். பேசினும் ஸ்நோர்கலும் போதும், மாஸ்க் அலமாரியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்