கீழே ஒன்றுமே இல்லை என்றாயே

அன்புள்ள கண்ணா,

நீ கிளம்பிப் போய் ஒன்பது நாளாகிறது. அன்றிரவு நாம் போட்ட சண்டை இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு ஹெட்போனுக்காக அம்மாவும் பிள்ளையும் நடுராத்திரி வரை மல்லுக்கு நிற்பார்களா என்று கேட்டுவிட்டு உன் அப்பா படுக்கப் போனார். அவரைப் பொறுத்தவரை என் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன், தலையில் மாட்டிக்கொள்ளும் இரண்டு டிபன் பாக்ஸ். நீயாவது மரியாதையாகச் சொன்னாய்: “மேல்ஸ்தாயி எல்லாம் அற்புதம் அம்மா. ஆனால் கீழே ஒன்றுமே இல்லை.”

இத்தனை வருடம் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்போது கோபம் அடங்கிவிட்டது, பதில் வந்திருக்கிறது. நீ எதிர்பார்க்காத பதில். நானும் எதிர்பார்க்கவில்லை.

முதலில் உன் ‘வேகம்’. தலைமுடி சுமார் 70 மைக்ரான், என் ஹெட்போனில் அதிர்ந்து ஒலியெழுப்பும் பிளாஸ்டிக் படலமோ ஒன்றிரண்டு மைக்ரான்தான், அதனால்தான் ஒலி நொடியில் எழுந்து நொடியில் அடங்குகிறது, இன்னும் மெலிதாக்கினால் இன்னும் வேகம் கூடும் என்றாய். நானும் தலையாட்டிவிட்டேன். மறுநாள் பென்சிலை எடுத்து உட்கார்ந்தேன். ஒன்றரை மைக்ரான் பாலியஸ்டர் படலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் எடை. ஒரு கன சென்டிமீட்டர் காற்று 1.2 மில்லிகிராம். அப்படியென்றால் அந்தப் படலத்தின் மொத்த எடையும் இரண்டு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத காற்றடுக்கின் எடைதான். படலத்துக்கும் உன் காதுக்கும் நடுவில் அதைவிடப் பல மடங்கு காற்று நிற்கிறது. தள்ள வேண்டிய சுமை காற்று. அதை விட்டுவிட்டுப் படலத்தை மேலும் மெலிதாக்குவது, சுமை தூக்குகிறவன் மூட்டையை இறக்காமல் தலைத்துணியை மட்டும் உதறிப்போடுவது போல.

அப்படியானால் நீ வேகம் என்று கேட்டது என்ன? மேல்ஸ்தாயி ஒரு இடத்தில் சற்றுத் தூக்கலாக இருக்கிறது, அவ்வளவுதான். வீணைத் தந்தியை நகம் தொடும் அந்த முனை எடுப்பாகக் கேட்டால், காது அதை வேகம் என்று சொல்லிவிடும். உன் சாதாரண ஹெட்போனிலேயே அதே இடத்தை ஈக்வலைசரில் இரண்டு டெசிபல் ஏற்றிப் பார், அதற்கும் வேகம் வந்துவிடும். ஹெட்போன்களில் பெரும்பாலும், எந்த ஸ்தாயி எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதும் ஒலி எவ்வளவு விரைவில் எழுந்து அடங்குகிறது என்பதும் ஒரே சங்கதியின் இரண்டு முகங்கள். ஒன்றை அளந்தால் மற்றது அதற்குள் இருக்கும்.

என் ஹெட்போனின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரண ஹெட்போனில் காந்தத்தின் நடுவே ஆடும் கம்பிச்சுருள் படலத்தை ஒரு வளையத்தில் மட்டும் பிடித்துத் தள்ளுகிறது, மற்ற பகுதி அதன் பின்னால் நெளிந்துகொண்டு வருகிறது. இதில் படலம் முழுவதையும் ஒரே சமயத்தில் ஒரே அளவாகத் தள்ளுகிறோம். துளையிட்ட இரண்டு தட்டுகள், நடுவில் படலம். படலத்துக்கு மாறாத உயர் மின்னழுத்தம். இந்த வகை ஹெட்போன் செய்யும் ஜப்பான் நிறுவனமான ஸ்டாக்ஸின் பழைய மாடல்களில் 230 வோல்ட், பிறகு வந்தவற்றில் 580. இசை தட்டுகளுக்குப் போகிறது. ஒன்று இழுக்கும்போது மற்றது தள்ளுகிறது. படலத்தின் மேல் பூச்சு மட்டும் வேண்டுமென்றே மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்தாததாக இருக்கும். அதனால் மின்னேற்றம் அங்குமிங்கும் ஓடாமல் பூசிய இடத்திலேயே நிற்கும், படலம் எந்தத் தட்டுக்கு அருகில் போனாலும் விசை இசைக்கு மட்டுமே கட்டுப்படும். இந்த வகையில் ஒலித்திரிபு இவ்வளவு குறைவாக இருப்பதன் சூட்சுமம் அந்தச் சோம்பேறிப் பூச்சுதான். மெலிவுக்கு நான் காசு கொடுக்கமாட்டேன். இதற்குக் கொடுப்பேன்.

தட்டுக்கும் கொடுப்பேன். ஸ்டாக்ஸ் 1960இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மாடலிலிருந்து இன்றுவரை அடிப்படை அமைப்பு மாறவில்லை. அவர்கள் மாய்ந்து மாய்ந்து உழைத்தது தட்டில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. படலத்தைத் தள்ளும் அதே விசை தட்டையும் திருப்பித் தள்ளுகிறதே, தட்டு நடுங்கினால் என்ன ஆவது? துளை குறைந்தால் காற்று திணறும், கூடினால் தட்டு வலுவிழக்கும். 2011இல் வந்த எஸ்ஆர்-009இல் மெல்லிய உலோகத் தகடுகளை அரித்துத் துளையிட்டு, அடுக்கி, வெப்பத்தில் ஒன்றாக இணைத்தார்கள். நீ ஏளனமாக ‘நாடா’ என்று சொன்ன அந்தப் பட்டை ஒயருக்கும் காரணம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையருக்கு இந்த ஹெட்போனே ஒரு சின்ன மின்தேக்கி. ஒயரும் தன் பங்குக்கு ஒரு மின்தேக்கி. ஒயரின் இழைகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் ஆம்ப்ளிஃபையர் சுமக்கும் அந்தப் பாரம் குறையும். ஜெர்மன் நிறுவனமான சென்ஹைசர் 2015இல் அறிவித்த எச்ஈ 1 ஹெட்போனில் ஆம்ப்ளிஃபையரின் உயர் மின்னழுத்தக் கடைசிக் கட்டத்தையே காதுக்கூட்டுக்குள் வைத்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கோளாறு வந்தால் காதுக்கூட்டையல்லவா பிரிக்க வேண்டும் என்று என் கை பயப்படுகிறது.

சரி, கீழ்ஸ்தாயிக்கு வருகிறேன்.

கெட்டி அட்டை ஒன்றில் துளை போட்டு, டெசிபல் மீட்டரின் மைக்கை அதில் நுழைத்து, இரண்டு ஹெட்போனையும் மாற்றி மாற்றி அதன் மேல் கவிழ்த்தேன். முதலில் வெளிவந்தது என் குட்டு. நான் உனக்குப் போட்டுக் காட்டிய அளவில் என்னுடையது உன்னுடையதைவிட இரண்டு டெசிபல் உரக்க ஒலித்திருக்கிறது. உரக்கக் கேட்பது நன்றாகக் கேட்பது போலத் தோன்றும் என்பது பால பாடம். பிள்ளைகளுக்கு நடத்திய பாடத்திலேயே நான் தவறியிருக்கிறேன். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

அதன் பிறகு 40 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டேன். காது மெத்தை அட்டையில் நன்றாகப் படிந்திருந்தபோது என்னுடையதில் எந்தக் குறையும் இல்லை. நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று யோசித்துக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினேன். கழற்றிய கண்ணாடியையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தேன். கண்ணாடியின் கம்பியை மெத்தைக்கும் அட்டைக்கும் நடுவில் செருகினேன். மீட்டரில் எண் மளமளவென்று இறங்கியது. கம்பியை உருவினேன், ஏறியது. 1,000 ஹெர்ட்ஸில் செருகினாலும் உருவினாலும் ஏறக்குறைய ஒரே எண்.

உன் கண்ணாடிக் கம்பி எவ்வளவு பட்டை என்று உனக்கே தெரியும். அன்று அதைப் போட்டுக்கொண்டுதான் கேட்டாய். என் கம்பியோ நூல் மாதிரி இருக்கும், அதையும் பாட்டுக் கேட்கும்போது கழற்றிவைத்துவிடுவேன். இந்த ஹெட்போனில் மெத்தைக்குள் அடைபட்ட காற்றுதான் கீழ்ஸ்தாயியைத் தாங்குகிறது. சின்ன இடுக்கு போதும், வெளியேறிவிடும். உன்னுடையதில் காற்று கசியத்தான் செய்யும் என்று கணக்கிட்டே கட்டியிருக்கிறார்கள், கம்பி செருகியும் எண் அவ்வளவாக இறங்கவில்லை. நீ கேட்டதும் நிஜம், நான் கேட்டதும் நிஜம். இரண்டு பேரும் வேறு வேறு ஹெட்போனைக் கேட்டுக்கொண்டு ஒரே ஹெட்போனுக்காகச் சண்டை போட்டிருக்கிறோம்.

ஒன்றில் உன் பக்கம்தான் நியாயம், முழுதாக விட்டுக்கொடுத்துவிடுகிறேன். படலத்துக்கும் தட்டுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளிதான். அதற்குள் எவ்வளவு ஆட முடியும்? நீ விரும்பும் அளவுக்கு உரக்க வைத்தால், அடிவயிற்றில் இடிப்பது போன்ற அந்த அடியை உன்னுடையது தாராளமாகத் தரும், என்னுடையது முக்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி நாதம் எழும்பி வழுக்கிக்கொண்டு வருவதைக் கேட்க எனக்கு அந்த இடி தேவைப்படவில்லை. உனக்குத் தேவைப்படலாம். அதற்கு மேல் வாதாட எனக்கு மனமில்லை.

அடுத்த முறை வரும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேள். இரண்டுக்கும் ஒலியளவைச் சமமாக்கி ஆம்ப்ளிஃபையர் குமிழ்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், அழித்துவிடாதே. மாட்டிக்கொண்ட பிறகு கூட்டைக் கையால் அமுக்காதே. படலம் தட்டில் ஒட்டிச் சரசரக்கும், எனக்கு உயிரே போய்விடும். எது எது என்று தெரியாதபடி அப்பாவை மாற்றி மாட்டிவிடச் சொல்லலாம் என்று நினைத்தேன், ஆனால் நாடா காதோரம் தொங்கியே காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு ஏதாவது வழி தோன்றினால் எழுது.

அன்புடன்,
அம்மா