பீகல் வாங்கப் போகிறேன் என்கிறாய்

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். சுங்கை சிப்புட்டில் சாயங்காலம் ஆனால் மழைதான். உங்கம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பீகல் நாய்க்குட்டியின் படத்தை உங்கம்மா தெருவெல்லாம் காட்டிவிட்டாள். அந்தக் காதும் கண்ணும் யாரைத்தான் மயக்காது! ஆனால் அது அழகுக்காக உண்டான இனம் இல்லை. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றே வளர்த்தது. குதிரை இல்லாதவர்களும் நடந்தே பின்தொடரும்படி, குட்டையான நாய்களைக் கூட்டமாக ஓடவிட்டு வேட்டையாடினார்கள். இப்போது நாம் பார்க்கிற பீகலுக்கு, 1830களில் எஸெக்ஸில் ஹனிவுட் என்ற பாதிரியார் சேர்த்து வளர்த்த கூட்டம்தான் அடிப்படை என்பார்கள்.

பழைய கதை எதற்கு என்பாய். அதன் குணமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. நம் தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்டப் போகும் நாய்கள், ஒரு விசில் கேட்டால் திரும்பிவிடும். பீகல் மூக்கைத் தரையில் வைத்துவிட்டால், நீ தொண்டை கிழியக் கத்தினாலும் அதன் காதில் ஏறாது. ஆள் சொல்லுக்குக் காத்திராமல் தானாக வாசனை பிடித்து ஓடுவதுதான் அதன் வேலை. அந்த மூக்கை நம்பித்தான் அமெரிக்காவில் 1984 முதல் விமான நிலையத்தில், பயணிகளின் பைகளில் பழமோ இறைச்சியோ இருக்கிறதா என்று பார்க்க வைத்தார்கள். சின்ன உருவம் என்பதால் பயணிகளும் மிரளவில்லை.

அப்புறம் அதன் குரல். குரைப்பதோடு நிற்காது, நீளமாக ஊளையிடும். முயல் போகும் திசை, பின்னால் மூச்சு வாங்க வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமே! நீ காலையில் போனால் இருட்டிய பிறகுதான் அந்த அடுக்குமாடி கொண்டோவுக்குத் திரும்புகிறாய். கூட்டத்தோடு வாழப் பிறந்ததை அத்தனை நேரம் தனியாகப் பூட்டிவைத்தால் அழும், கதவைப் பிறாண்டும், சோபாவைக் கிழிக்கும். உன் மாடியில் மலாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. லிப்டில் நாயின் எச்சில் பட்டுவிட்டால் அவர்கள் இஸ்லாமிய முறைப்படி மண் கலந்த நீரோடு சேர்த்து ஏழு முறை கழுவ வேண்டும். அவர்களுக்கு அந்தச் சங்கடத்தைக் கொடுக்காதே. நாய் வளர்க்க நிர்வாகம் விடுமா என்று முதலில் எழுத்தில் கேள். லைசென்ஸும் எடுக்க வேண்டும்.

நல்லதும் நிறைய உண்டு. சின்னப் பிள்ளைகளோடு நன்றாகப் பழகும், மற்ற நாய்களோடும் ஒத்துப்போகும், சுலபத்தில் கோபப்படாது. எடை 10 கிலோவுக்கு முன்பின் இருக்கும். தொங்கும் காதில் நம் ஊர் ஈரத்துக்குப் புண் வரும், அடிக்கடி பார்த்துத் துடைக்க வேண்டும். சாப்பாட்டை அளந்துதான் வைக்க வேண்டும், ஏனென்றால் அது போதும் என்று சொல்லாது. உடம்பு பெருத்தால் முதுகெலும்புக்குக் கேடு. ரொட்டி சானாய் பிய்த்துப் போடும் ஆள் நம் வீட்டிலேயே இருக்கிறாள், பெயர் சொல்லவில்லை.

இந்த இனம் 12 முதல் 15 வருஷம் வாழும். அதற்குள் உனக்குக் கல்யாணம் ஆகலாம், வேலையும் ஊர் மாறலாம். முடியாமல் போனால் அப்பாவிடம் விட்டுவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதே. வேலிக்கு அடியில் தோண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டால் என்னால் துரத்த முடியாது.

என்னைக் கேட்டால் இப்போது வேண்டாம். பகலில் ஆள் இருக்கும் வீடு உனக்கு அமையட்டும், நானே கூட வந்து குட்டி பார்த்துக் கொடுக்கிறேன். கடைக்காரனுக்கு முன்பணம் எதுவும் கட்டிவிடாதே.

தீபாவளிக்கு ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடு. உங்கம்மா முறுக்குக்கு மாவு அரைக்க இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா