தீவுக்குப் போக முதல், மகளுக்கு

அன்பு மகள்,

போனில சொல்ல வெளிக்கிட்டால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" எண்டு ரெண்டு நிமிசத்தில வச்சிடுவாய், அதால எழுதுறன், ஆறுதலா இருந்து வாசி. கனடாவின்ரை மேற்குக் கரைக்கு அங்காலை இருக்கிற ஹைடா குவாய் தீவில நர்ஸ் வேலை கிடைச்சிட்டுது எண்டு நீ சொன்ன நாளில இருந்து அம்மா அங்கத்தை வெதரைப் பாத்துக்கொண்டு இருக்கிறா, நான் அங்கத்தைப் பழங்குடியான ஹைடா சனத்தைப் பற்றி வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். குளிர், மழை, காத்து எல்லாம் அம்மா சொல்லுவா. ஆரின்ரை வீட்டுக்குப் போறாய் எண்டு தெரிஞ்சு போகோணும், எனக்கு அதுதான் கவலை.

நான் வேலை செய்யிற வன்கூவர் எயார்போர்ட்டில, இன்ரநாஷனல் பக்கம், பச்சை நிறத்தில ஒரு பெரிய வெண்கல வள்ளம் இருக்கெல்லே. பில் ரீட் எண்ட ஹைடா கலைஞர் செய்தது. பழைய 20 டொலர் தாளின்ரை பின்பக்கத்திலயும் அதுதான் இருந்தது. ஏறக்குறைய 20 அடி நீளம், உள்ளுக்கை 13 பேர் நெருக்கியடிச்சுக்கொண்டு இருக்கினம், கழுகு கரடியின்ரை காலைக் கடிக்குது, ஓநாய் கழுகின்ரை செட்டையைக் கடிக்குது, பின்னாலை அண்டங்காகம் சுக்கான் பிடிக்குது, நடுவில தலைவர் தடியோட நிக்கிறார். சனம் அதுக்கு முன்னாலை நிண்டு செல்ஃபி எடுத்திட்டுப் போகுது. நானும் கனகாலம் அதை ஒரு அலங்காரம் எண்டுதான் பாத்துக்கொண்டு போனனான்.

அந்த மனுசன்ரை கதையே பெரிய கதை. தாய் ஹைடா, தகப்பன் வெள்ளைக்காரர். ரேடியோவில அறிவிப்பாளரா இருந்து, ரொறன்ரோவில நகை வேலை படிச்சு, பிறகுதான் தாயின்ரை பக்கத்துக் கலையைத் தேடிப் போனவர். தான் ஹைடா வழி எண்டதே அவருக்கு வளந்த பிறகுதானாம் வடிவா விளங்கினது. ஏன் அப்பிடி எண்டு யோசி. கனடாவின்ரை இந்தியன் சட்டத்தில, பழங்குடிப் பொம்பிளை வெளி ஆளைக் கலியாணம் செய்தால் அவவின்ரை பதிவு போயிடும், பிள்ளையளுக்கும் கிடையாது. அது 1985 வரைக்கும் இருந்தது. ஹைடா ஆக்களுக்கோ எல்லாமே தாய்வழிதான்! தாய் காகம் எண்டால் பிள்ளை காகம், தாய் கழுகு எண்டால் பிள்ளை கழுகு. சனம் முழுக்க இந்த ரெண்டு பக்கம்தான், காகம் கழுகைத்தான் கட்டலாம், ஒரே பக்கத்துக்குள்ளை கட்டேலாது. உன்ரை அம்மா மட்டக்களப்பு எண்டபடியால தாய்வழிக் குடி எண்டால் என்ன எண்டு உனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை, அம்மம்மா வீட்டில கேட்டு வளந்தனீ. அங்கை பட்டமும் பேரும் தாய்மாமனிட்டை இருந்து மருமகனுக்குத்தான் போகும், அந்தக் காலத்தில பெடியன் கொஞ்சம் வளந்ததும் மாமன் வீட்டிலதான் போய் இருந்து தொழில் பழகுவான். இப்பிடி தாயால நிக்கிற ஒரு சனத்தை, தாயின்ரை கலியாணத்தை வச்சு வெட்டி விட்டிருக்கிறாங்கள். ஒட்டாவாவில இருந்து இதை எழுதினவனுக்கு என்ன தெரியும் எண்டு எனக்கு வயித்தெரிச்சல்.

அதால அங்கை வாற வயசான அம்மாக்களோட கதைக்கேக்கை கவனமா இரு. முடிவெடுக்கிறது அவைதான் எண்டு நினைச்சுக் கதை.

அவை செதுக்கி நடுற கம்பங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுறன். கும்பிடுற சாமிச் சிலை எண்டு எங்கடை ஆக்கள் கனபேர் நினைக்கிறவை, அப்பிடி இல்லை. செந்நிற சீடர் மரத்தில, குடும்பத்தின்ரை சின்னங்களை ஒண்டுக்கு மேல ஒண்டா செதுக்கினது, அந்தக் குடும்பத்துக்கு உரிமையான கதை. வீட்டு வாசலில ஒரு வகை, செத்தவையை நினைச்சு நட்டது ஒரு வகை, பெரிய ஆக்களின்ரை உடலைப் பெட்டியில வச்சு உச்சியில வைக்கிறது இன்னொரு வகை. அந்தச் சின்னத்தை வேற குடும்பம் எடுத்துப் பாவிக்கேலாது. பெட்டியும் சும்மா பெட்டி இல்லை, ஒரே பலகையை நீராவியில வேக வச்சு மூண்டு இடத்தில மடிச்சு ஒரேயொரு மூலையில தைக்கிறது, தண்ணியே ஒழுகாதாம். வள்ளமும் அப்பிடித்தான், ஒரே மரத்தைக் குடைஞ்சு, தண்ணி ஊத்தி, சூடாக்கின கல்லைப் போட்டு அகட்டி எடுக்கிறது. அந்த வள்ளத்தில கரை முழுக்க ஓடி வியாபாரமும் செய்திருக்கினம், சண்டையும் பிடிச்சிருக்கினம், அடிமையளும் பிடிச்சிருக்கினம். எல்லாரும் மனுசர்தானே, அவையளைப் புனிதராக்கி வச்சுப் பாக்கிறதும் ஒருவித மரியாதைக்குறைவுதான்.

ஊரில பொட்லாட்ச் எண்ட பெரிய விருந்து நடந்து உன்னைக் கூப்பிட்டால் கட்டாயம் போ, ஷிஃப்டை மாத்திக்கொண்டெண்டாலும் போ. பேர் சூட்ட, கம்பம் நட, செத்தவைக்கு, எல்லாத்துக்கும் அந்த விருந்துதான். கூப்பிட்ட வீடு வந்த சனத்துக்குப் பரிசு குடுக்கும், அதை வாங்கினால் நீ அங்கை நடந்ததுக்குச் சாட்சி. எங்கடை ஆக்கள் மாதிரி "ஐயோ வேண்டாம் வேண்டாம்" எண்டு தள்ளிக்கொண்டு நிக்காதை, வாங்கு. இந்த விருந்தை 1885 தொடக்கம் 1951 வரைக்கும் சட்டம் போட்டுத் தடுத்து வச்சது அரசாங்கம். எழுத்தில இல்லாத சனத்துக்கு சாட்சிதானே உறுதி, அதைத் தடுத்தால் என்ன மிஞ்சும். 1969ல மாசெட்டில ராபர்ட் டேவிட்சன் எண்ட இளம் பெடியன், அப்ப 22 வயசு, ஒரு கம்பம் செதுக்கி நட்டபோது அந்த ஊரில ஏறக்குறைய 90 வருசமா ஒண்டும் நடப்படாமல் இருந்ததாம்.

இனி நர்ஸ் எண்டபடியால உனக்குச் சொல்லவேண்டியது. 1862ல சான் பிரான்சிஸ்கோவில இருந்து வந்த கப்பலில பெரியம்மை விக்டோரியாவுக்கு வந்தது. அப்ப வடக்குச் சனம் வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்து அந்தப் பட்டினத்தைச் சுத்திக் கொட்டில் போட்டு இருந்தவை, ஹைடாவும் அதில. தடுப்பூசி அப்பவே இருந்தது, கொஞ்சப் பேருக்குப் போட்டும் இருக்கினம். பிறிம்பா வச்சு மருந்து பாக்காமல், கொட்டிலுகளுக்கு நெருப்பு வச்சு, நோயோட வள்ளத்தில வடக்கை கலைச்சு விட்டிருக்கிறாங்கள். போற வழியெல்லாம் கரை கரையா நோய் இறங்கினது. பல ஆயிரமா இருந்த ஹைடா சனம் 1900 ஆகேக்கை ஆயிரத்துக்கும் கீழை. ஊர் ஊரா இருந்ததெல்லாம் வெறிச்சு, மிஞ்சினவை ஸ்கிடகேட், மாசெட் எண்ட ரெண்டு ஊருக்குள்ளை வந்து சேந்தவை. சனமில்லாத அந்த ஊருகளுக்குப் பிறகு மியூசியக்காரர் போய்க் கம்பத்தை மட்டுமில்லை, எலும்புகளையும் பெட்டியில போட்டுக் கொண்டுபோட்டினம்.

அந்த எலும்புகளைத் திருப்பி எடுத்த கதையை வாசிச்சு நான் ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடேல்லை. சிக்காகோ, நியூயோர்க் எண்டு மியூசியம் மியூசியமா ஊர்ச்சனமே போய், கதைச்சு, 460 பேருக்கு மேல கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கினம். காசு சேத்தது அவை, பெட்டி செய்தது அவை, பட்டன் வச்ச போர்வை தைச்சது அவை, பள்ளிக்கூடப் பிள்ளையளும் பெட்டிக்குப் பெயின்ற் அடிச்சிருக்கினம். ஆஸ்பத்திரி எண்ட உடனை அங்கை ஒரு கிழவி தயங்கினால், உன்னோட கோவம் எண்டு நினைக்காதை, யூனிஃபோம் போட்ட ஆக்களோட அவைக்கு இருக்கிற பழைய கணக்கு அது. பள்ளிக்கூடம் எண்டு பிள்ளையளைப் பறிச்சுக்கொண்டு போய்ப் பாசை பேசினால் அடிச்சது அதே கணக்கில இன்னொரு வரி. இப்ப அந்தப் பாசையைச் சரளமாப் பேசுறவை மிச்சம் குறைவு, 1998ல இருந்து ஸ்கிடகேட்டில முதியவை கூடியிருந்து சொல்லுச் சொல்லாப் பதிஞ்சு படிப்பிக்கினம். நன்றிக்கு "ஹாவா" எண்டு சொல்லு, அதாவது தெரிஞ்சு வச்சிரு.

சோகக் கதையா மட்டும் எழுதி உன்னை அனுப்பேலாது, ஏனெண்டால் அவை வெண்டும் இருக்கினம். 1985ல தெற்கில இருக்கிற லயல் தீவில மரம் வெட்ட வந்த கம்பனிக்கு முன்னாலை ரோட்டை மறிச்சுக்கொண்டு நிண்டவை, முதியவை நாங்கள்தான் முன்னுக்கு எண்டு வந்து இருந்தவை, பொலிஸ் 72 பேரைப் பிடிச்சது. பில் ரீட் வாஷிங்டன் தூதரகத்துக்குச் செய்துகொண்டிருந்த வள்ளத்தை (எயார்போர்ட்டில இருக்கிறது அதின்ரை சோடி) அந்த மரம் வெட்டுக்கு எதிர்ப்பா 1987ல நிப்பாட்டிப்போட்டார், பாதியில. கனடா அரசாங்கத்தின்ரை தூதரகத்துக்கே போற சாமான், பாரன் துணிவை. கடைசியில அந்தத் தெற்குப் பக்கம் குவாய் ஹானாஸ் எண்டு காக்கப்பட்டு, 1993 ஒப்பந்தத்தால அரசாங்கமும் ஹைடாவும் சேந்து பாக்கினம். 2013ல அங்கை 42 அடிக் கம்பம் நட்டிருக்கினம், அதில மறியலில நிண்டவையையும் கம்பூட்ஸ் எண்ட றப்பர் சப்பாத்தோட செதுக்கியிருக்கு, எனக்கு அது சரியாப் பிடிச்சது. 2010ல சார்லட் எண்ட இங்கிலாந்து ராணியின்ரை பேரைத் தீவில இருந்து எடுக்கேக்கை, அந்தப் பழைய பேரை ஒரு மடிச்ச பெட்டிக்குள்ளை போட்டு மரியாதையா அரசாங்கத்திட்டைத் திருப்பிக் குடுத்தவை. நக்கலும் இருக்கு மரியாதையும் இருக்கு. 2024ல தீவு நிலம் முழுக்க ஹைடாவின்ரை உரித்து எண்டு பிரிட்டிஷ் கொலம்பியா அரசாங்கம் ஒப்பந்தத்தில ஏத்துக்கொண்டது, தனியார் வீடு காணி வச்சிருக்கிறவைக்கு ஒண்டும் மாறேல்லை.

நீ இருக்கப்போற டாஜிங் கீட்ஸும் 2022 வரைக்கும் குயின் சார்லட் எண்டுதான் இருந்தது, அதால பழைய மேப்பைப் பாத்து அம்மாவைக் குழப்பாதை.

பிரின்ஸ் ரூப்பர்ட்டில இருந்து ஃபெரி ஏழெட்டு மணித்தியாலம், ஹெக்கேட் கடல் ஆழமில்லாததால காத்தடிச்சால் கடும் ஆட்டமாம், வாந்திக் குளிசை கையில வச்சிரு. ஆரும் வீட்டில சாப்பிடக் கூப்பிட்டு கடல்பாசியில ஒட்டின மீன்முட்டை தந்தால் மூக்கைச் சுழிக்காதை. பழைய ஊருகளுக்குப் போனால் ஒரு சிப்பி கூட எடுக்காதை. ஸ்காங் குவாய் எண்ட பழைய ஊரில நிக்கிற கம்பங்களை, யுனெஸ்கோ பேர் இருந்தும், புதுசாக்கி வச்சுக் காட்டாமல் மண்ணோட போக விட்டிருக்கினம். அங்கை போக முதலே பதிவு செய்து, சொல்லுறதைக் கேட்டு, காவலுக்கு இருக்கிற ஹைடா ஆக்களிட்டை அனுமதி எடுக்கோணும், ஒரே நேரத்தில 12 பேருக்கு மேல கரையில விடமாட்டினம். அடுத்த கோடைக்கு எனக்கும் அம்மாவுக்கும் இடம் கிடைக்குமோ எண்டு, போனதும் விசாரிச்சுச் சொல்லு, லீவு இப்பவே கேட்டு வைக்கோணும்.

அப்பா